மூன்றாம் தண்ணீருக்கு முந்தைய நாள்

நம்ம வயசுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் என்ன பேச்சு? உனக்குச் சர்க்கரை எவ்வளவு, எனக்கு உப்பு எவ்வளவு, அந்த மாத்திரை ஐந்து மில்லிகிராமா பத்தா. போன வாரம் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து, ஜாங்கிரியை ஒரு கையால் தள்ளி வைத்துக்கொண்டு அதே பேச்சு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது எனக்கு. ஆனால் உங்களிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். கிராம் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் பழைய பலகை வீடும், கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த அக்காவின் குரலும் வந்துவிடும். பிறகு எனக்குச் சோறு இறங்காது.

அக்கா போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகிறது. இருந்தபோது வாரத்துக்கு ஒரு தடவை சண்டை போட்டுக்கொண்டோம். இப்போது சண்டை போட ஆள் இல்லை.

வெள்ளைக்காரன் போய் மெர்டேக்கா கிடைத்த வருடத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நீங்களும் கையில் காகிதக் கொடி பிடித்துக்கொண்டு வெயிலில் நின்ற பிள்ளைகள்தான். அதைப் பற்றிப் பேசச் சொன்னால் எல்லோரும் கொடியைப் பற்றியும் வாணவேடிக்கையைப் பற்றியும்தான் பேசுகிறீர்கள். எனக்கு அந்த வருடம் என்றால் அதன் கடைசிதான். மழைக் காலம். அக்காவின் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை. அதிலும் கெமிஸ்ட்ரி.

அக்கா படித்த பெண்கள் பள்ளியில் ஆய்வுக்கூடம் கிடையாது. கெமிஸ்ட்ரி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த சில பெண்களை மட்டும் ஆண்கள் பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். அக்கா ஒருத்தி. அவளுடைய தோழி இன்னொருத்தி. தோழி எங்கள் பின் சந்தில் இருந்த மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். அவர்களை உங்களுக்குத் தெரியும். சாமி நம்ம சாமி, மாரியம்மனுக்கு நம்மைவிட ஒரு படி மேலாகவே விரதம் இருப்பார்கள், வீட்டில் பேசுவது மட்டும் மலாய். அக்காவும் அவளும் மலாயில் ஆரம்பித்து இங்கிலீஷில் சண்டை போட்டு முடிப்பார்கள்.

இருவருக்கும் ஒரே கனவு. பெரிய ஆஸ்பத்திரி லேப்பில் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், கெமிஸ்ட்ரியில் பாஸ் செய்த பெண்ணாக இருந்தால் எடுத்துக்கொள்வார்கள் என்று அவர்களுடைய சயன்ஸ் மாஸ்டர் சொல்லியிருந்தார். வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய்கள், சொந்தச் சம்பளம். அக்கா அம்மாவின் வெள்ளைப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை அக்காவுக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. ஒரு கிராம் மாலிக்யூல் என்றால் எவ்வளவு என்று கண்ணால் பார்க்க வேண்டுமாம். இப்போது நம் பேரப்பிள்ளைகள் மோல் என்கிறார்களே, அதற்குத்தான் அக்காவின் புத்தகத்தில் அந்தப் பெயர். ஒரு பொருளின் மூலக்கூறில் இருக்கிற அணுக்களின் எடையை எல்லாம் கூட்டு. வந்த எண்ணிக்கைக்கு அந்தப் பொருளைக் கிராமில் நிறுத்து எடு. அதுதான் ஒரு கிராம் மாலிக்யூல். தண்ணீர் என்றால் ஹைட்ரஜன் இரண்டு, ஆக்ஸிஜன் பதினாறு, ஆகப் பதினெட்டு கிராம். பாருங்கள், இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. வீட்டுச் சாவியை எங்கே வைத்தேன் என்பதுதான் மறக்கிறது.

வீட்டில் கிராம் தராசுக்கு எங்கே போவது? அப்பா டவுனில் ஒரு சீன முதலாளியின், தௌக்கேயின், ரப்பர் கடையில் ஷீட்டுகளை நிறுத்து ஈரம் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். அங்கே இருந்த தராசில் என்னைத் தொங்கவிடலாம், உப்பை நிறுக்க முடியாது. அதனால் பக்கத்து மருந்துக்கடைச் சீனரிடம் கேட்டு, வேர்களை நிறுக்கிற சின்னத் தராசை வாங்கி வந்தார். எலும்பில் செய்த மெல்லிய கோல், நூலில் தொங்கும் ஒரு பித்தளைத் தட்டு, நகர்த்துவதற்கு ஒரு குட்டிக் குண்டு. கோலில் கிராம் இல்லை, சீனர் எடையான தாஹிலும் சியும்தான். பத்து சி ஒரு தாஹில், ஒரு தாஹில் முப்பத்தேழே முக்கால் கிராம். அக்கா விடுவாளா? கிராமைத் தாஹிலாக மாற்றி மாற்றி நிறுத்தாள். தண்ணீர் நாலே முக்கால் சி. சீனி ஒன்பது தாஹிலுக்குக் கொஞ்சம் மேலே. அடுப்படித் திண்டில் எனாமல் கிண்ணங்களை வரிசையாக வைத்தாள். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் உப்பு, ஒன்றில் சீனி, ஒன்றில் சலவைச் சோடா. நீல விளிம்பு வைத்த அந்தக் கிண்ணங்கள் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அலங்காரத்துக்கு விற்கிறான்.

"எதுலடி நிறைய இருக்கு?" என்று கேட்டாள்.

"சீனியில." கிண்ணம் தலை தட்டி நின்றது. தண்ணீரோ அடியில் ஒரு மடக்கு.

"மக்கு. மூலக்கூறு எல்லாத்துலயும் ஒரே எண்ணிக்கைதான்."

"பொய்."

"ஒரு டஜன் முட்டையும் ஒரு டஜன் தேங்காயும் ஒரே எடையா?"

"இல்ல."

"எண்ணிக்கை?"

நான் கிண்ணங்களை மறுபடி எட்டிப் பார்த்தேன். அந்த நேரம் பாசாரிலிருந்து அம்மா வந்துவிட்டாள். "அடிப்பாவி! சீனியை எல்லாம் எதுக்குடி கொட்டி வச்சிருக்க?"

"அதுல கார்பன் மட்டும் நூத்து நாப்பத்து நாலு கிராம் இருக்கும்மா."

"இருக்கட்டும். இப்ப எறும்பும் இருக்கு." அம்மா சீனியை டின்னில் கொட்டிக்கொண்டே, "இதுல எதுடி உப்பு, எதுடி சோடா? சொல்லித் தொலை, உங்கப்பா ரசத்துல நுரை தள்ளப்போவுது" என்றாள். அக்கா பாய்ந்து போய்ச் சோடாக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டாள்.

அப்பாவுக்கு மகளின் கெமிஸ்ட்ரி மேல் கொள்ளைப் பெருமை. அவருக்கு அதில் ஒரு எழுத்துத் தெரியாது. ஒரு சாயங்காலம் அவர் காலைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அக்கா நீலத் துருசு என்ற காப்பர் சல்பேட்டைப் பற்றிச் சொன்னாள். சூடு பண்ணினால் நீலம் போய் வெள்ளைத் தூளாகிவிடும், உள்ளே இருந்த தண்ணீர் ஆவியாகப் போய்விடும் என்றாள்.

"அப்ப நம்ம ஷீட்டு மாதிரிதான்னு சொல்லு. கொண்டாரப்ப ஈரம், பொகை போட்டா காஞ்சிடும்."

"இல்லப்பா. ஷீட்டுல ஈரம் கூடக் குறைய இருக்கும். இதுல எந்தக் கல்லை எடுத்தாலும் நூத்துக்கு முப்பத்தாறு தண்ணி. கூடாது, குறையாது."

அப்பா செம்பைக் கீழே வைத்துவிட்டார். "அடேங்கப்பா! அப்படி ஒரு சரக்கு எங்க தௌக்கேகிட்ட வந்துச்சுன்னா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவான் லா. ஈரம் பார்க்க ஆள் எதுக்கு?" மறுநாள் முடிவெட்டுகிற கடையில் இதை அவர் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. எப்படிச் சொன்னாரோ, நூற்றுக்கு முப்பத்தாறு என்பது ஐம்பதாகிவிட்டதாம்.

பரீட்சை தொடங்கியது. இங்கிலீஷ், கணக்கு, புவியியல் எல்லாம் எழுதினாள். கெமிஸ்ட்ரி செய்முறைப் பரீட்சையும் முடிந்தது. எழுத்துப் பரீட்சை ஒன்றுதான் பாக்கி. அப்போதுதான் ஒரு காலையில் அக்கா காய்ச்சலோடு எழுந்தாள். அம்மா அவள் முதுகைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு கொப்புளம். கழுத்தில் இன்னொன்று.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்துட்டா" என்றாள்.

உங்கள் வீடுகளிலும் இப்படித்தான் இருந்திருக்கும். வாசலில் வேப்பிலைக் கொத்து. அறை வாசலில் கயிறு கட்டி அதிலும் வேப்பிலை. வீட்டில் தாளிப்பு நின்றது, கறி மீன் நின்றது, வெளியாள் வருவது நின்றது. அக்காவுக்கு மோரும் இளநீரும் குழைந்த சோறும்தான். வேப்பிலையைப் பரப்பி அதன் மேல் வெள்ளை வேட்டியை விரித்துப் படுக்க வைத்தாள் அம்மா. அரிப்பெடுத்தால் நகம் படக் கூடாது, வேப்பிலைக் கொத்தால் தடவிக்கொள்ள வேண்டும். அந்தக் கசந்த பச்சை வாசனை வீடு முழுக்க அடித்தது. இன்றைக்கும் யார் வீட்டிலாவது வேப்பங்கொழுந்தைக் கசக்கினால் நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன்.

புத்தகத்தை அம்மா வெளியே எடுத்துப் போட்டுவிட்டாள். "கண்ணுல இறங்கிடும். எழுத்தையே பார்க்கக் கூடாது. பென்சிலும் தொடக் கூடாது." அக்கா அழுதாள். அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று அதற்கும் திட்டு விழுந்தது.

அப்போது அக்கா எனக்கு ஒரு வேலை வைத்தாள். நான் வேப்பிலைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம், சுவரில் சாய்ந்து உட்கார வேண்டும். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் கணக்குகளை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயாலேயே போட்டு விடை சொல்வாள். நான் பின்பக்கம் புரட்டி விடை சரியா என்று பார்க்க வேண்டும். கேள்வி எல்லாம் இங்கிலீஷில். எனக்குப் பாதி புரியாது, எழுத்துக் கூட்டிப் படிப்பேன்.

முதல் நாள் அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். என்னை விரட்டத்தான் வந்தாள். வந்தவள் அப்படியே நின்று உள்ளே பார்த்தாள். அக்கா கணக்குச் சொல்லும்போது கை வேட்டி மேல் அசையாமல் கிடந்தது. ஒரு இடத்தில்கூடச் சொறியவில்லை. கணக்கு முடிந்ததும் கை கழுத்துக்குப் போனது.

"நிறுத்தாதடி," என்றாள் அம்மா என்னிடம். "இன்னொண்ணு கேளு."

அதன் பிறகு அம்மாவே என்னை உட்கார வைப்பாள். இரும்பு ஆக்ஸைடில் இரும்பு எவ்வளவு? "இரும்பு ரெண்டு, நூத்துப் பன்னிரண்டு. ஆக்ஸிஜன் மூணு, நாப்பத்தெட்டு. மொத்தம் நூத்தறுபது. நூத்துக்கு எழுபது." சுண்ணாம்புக் கல்லில் கால்சியம் எவ்வளவு? "நாப்பது. தூங்குற கேள்வியெல்லாம் கேக்காதடி, பெருசா கேளு." காய்ச்சலில் குரல் கரகரத்திருக்கும். வெளியே மழை தகரக் கூரையில் கொட்டினால் கத்திச் சொல்வாள். நான் படிப்பதும் அவள் சொல்வதுமாக நாள் போனது. என் வாழ்நாளில் ஒரு மனுசி எனக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை, சொல்லிவிடுகிறேன். பிறகு கல்யாணம் ஆச்சு, பிள்ளைகள் ஆச்சு. ஆனாலும் அந்தச் சுவரில் சாய்ந்திருந்த முதுகின் சுகம் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

கொப்புளங்கள் அடங்கிப் பொருக்குத் தட்டின. அம்மா வெயிலில் வைத்த வேப்பிலை மஞ்சள் தண்ணீரைத் தலைக்கு ஊற்றினாள். முதல் தண்ணீர், பிறகு இரண்டாம் தண்ணீர். செவ்வாய் வெள்ளி தவிர வேறு நாளில் அம்மா ஊற்றமாட்டாள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் ஆத்தா இறங்கிவிட்டாள் என்று அர்த்தம், அதற்குப் பிறகுதான் வாசல் தாண்டலாம். அது வெள்ளிக்கிழமைக்கு விழுந்தது. கெமிஸ்ட்ரி பரீட்சை வியாழக்கிழமை.

புதன்கிழமை சாயங்காலம் சயன்ஸ் மாஸ்டரே சைக்கிளில் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்து மனிதர், எப்போதும் வெள்ளைக் கால்சட்டை. வேப்பிலையைப் பார்த்ததும் ரம்புத்தான் மரத்தடியிலேயே நின்றுகொண்டார். அப்பா ஓடிப் போனார்.

"பரீட்சை மண்டபத்துக்குள்ள வர வேண்டாம். பிள்ளைக்கு நாங்கள் தனி அறை தாறம். டொக்டர் ஒருக்கா வந்து பார்த்து, பொருக்கு காய்ஞ்சிட்டுது எண்டு ஒரு சொல் சொன்னால் காணும், அதுவே போதும். அவவை மாதிரிக் கணக்குப் போடுற பிள்ளை எங்கட வகுப்பில வேற இல்லை, ஐயா."

அப்பாவின் முகத்தில் விளக்கு ஏற்றினது போலிருந்தது. "ரொம்ப நன்றிங்க சார்" என்றவர், உடனே திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை மூணாந்தண்ணிங்க சார். அதுக்கு முன்னால எம்புள்ள வாசல் தாண்டாது."

"ஒரு நாள்தானே அம்மா வித்தியாசம்?"

"அன்னைக்கும் ஒரு நாள்தாங்க வித்தியாசம்."

மாஸ்டருக்குப் புரியவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாதான் சொன்னாள், குரல் உடையாமல். ஜப்பான்காரன் காலத்தில், நான் பிறப்பதற்கு முன்னால், எங்களுக்கு ஒரு அண்ணன் இருந்தான். அவனுக்கு அம்மை போட்டது. அப்போது அம்மாவும் அப்பாவும் ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலி வீட்டில், இருந்தார்கள். லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மூன்றாம் தண்ணீரை ஒரு நாள் முன்னதாக ஊற்றி, பிள்ளையை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். வழியெல்லாம் மழை. புது இடம் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் அண்ணன் போய்விட்டான்.

"ஒரு தடவை அவசரப்பட்டேங்க. ஆத்தா எடுத்துக்கிட்டா. இன்னொரு தடவை என்னால முடியாது."

மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "சரி அம்மா" என்றார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார், ஏறவில்லை.

அண்ணன் தண்ணீரால் போகவில்லை, மழையாலும் மரவள்ளிக் கிழங்கை மட்டும் தின்ற பஞ்சத்தாலும் மருந்து இல்லாததாலும் போனான் என்று இன்றைக்கு நான் சொல்லலாம். இன்றைக்குச் சொல்ல எனக்கு என்ன? மகனைப் பறிகொடுத்தவள் அவள். அப்பாவும் தன் பங்குக்கு ஒரு தப்புக் கணக்குப் போட்டார். அறை வாசலில் நின்று, "அடுத்த வருஷம் எழுதிக்கலாம்மா. பரீட்சை எங்க ஓடிப் போவுது?" என்றார்.

வியாழக்கிழமை விடிந்ததும் அக்கா பள்ளிச் சட்டையைக் கேட்டாள். அம்மா தரவில்லை.

"அம்மா, காஞ்சிடுச்சும்மா. தொட்டுப் பாரு. நான் நடந்து போயி, தனியா உக்காந்து எழுதிட்டு, யாரையும் தொடாம வந்துடறேன்."

"வேணாம்டி."

"எனக்கு எல்லாம் தெரியும்மா. எல்லாமே தெரியும்."

"தெரியும்டி, எனக்கும் தெரியும். என்னைத் திட்டு. நாசமாப் போன்னு சொல்லு. ஆனா தாண்டாதே." அம்மா வேப்பிலைக் கயிற்றுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அந்த அறைக்குக் கதவு உண்டு, பூட்டு கிடையாது. அக்கா அம்மாவைவிட உயரம். தாண்டியிருக்கலாம். தாண்டவில்லை. திரும்பிப் போய்ச் சுவர் பக்கம் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

மதியத்துக்கு மேல் வேலிக்கு வெளியே தோழியின் குரல் கேட்டது. பரீட்சை எழுதிவிட்டு நேரே வந்திருந்தாள், சட்டைக் கையில் மை. அம்மை வீட்டு முறை அவளுக்குத் தெரியும், அதனால் வாசலுக்கு வரவில்லை. வேலிக்கு மேல் கேள்வித்தாளை நீட்டி, "பச்சா சாமா டியா" என்றாள் என்னிடம். அவளிடம் படித்துக் காட்டு என்று அர்த்தம். பிறகு சுவரைச் சுற்றி வந்து, அக்கா அறையின் ஜன்னலுக்கு வெளியே, ரம்புத்தான் வேரில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

நான் என் இடத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். முதல் கேள்விக்கு அக்கா வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது தடவை படித்தேன். அறுபத்தாறு கிராம் அம்மோனியம் சல்பேட்டில் நைட்ரஜன் எவ்வளவு?

"போடி."

"சொல்லுக்கா."

"யாரு மார்க் போடப் போறா?"

"நான் போடுறேன்," என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் வேட்டி சரசரக்கும் சத்தம். எழுந்து உட்கார்ந்தாள் போலிருக்கிறது. "நைட்ரஜன் ரெண்டு, இருபத்தெட்டு," என்றாள். "ஹைட்ரஜன் எட்டு. கந்தகம் முப்பத்திரண்டு. ஆக்ஸிஜன் அறுபத்து நாலு. மொத்தம் நூத்து முப்பத்திரண்டு. அதுல பாதி அறுபத்தாறு. அப்ப நைட்ரஜனும் பாதி. பதினாலு கிராம்."

"பெத்துல்!" என்றாள் ஜன்னலுக்கு வெளியே தோழி. சரி என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு அக்கா நிற்கவே இல்லை. நான் படித்து முடிப்பதற்குள் பாதிக் கணக்குப் போட்டுவிடுவாள். ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து ஒரு பெத்துல். அடுப்படியில் முறம் எப்போதோ நின்றிருந்தது. கடைசிக்கு முந்தின கேள்வி நீலத் துருசு. இருபத்தைந்து கிராம் நீலக் கல்லைச் சூடு பண்ணினால் பதினாறு கிராம் வெள்ளைத் தூள் மிஞ்சுகிறது. ஒரு மூலக்கூறு துருசோடு எத்தனை தண்ணீர் மூலக்கூறு ஒட்டியிருந்தது?

அங்கே அக்கா நிறுத்தினாள்.

"குறைஞ்சது ஒன்பது கிராம்," என்றாள் மெதுவாக. "அதுதான் தண்ணி. பதினெட்டால வகுத்தா அரை. தூள் பதினாறு, நூத்தறுபதால வகுத்தா பத்துல ஒண்ணு. பத்துல ஒண்ணுக்கு அரைன்னா, ஒண்ணுக்கு அஞ்சு. அஞ்சு தண்ணி."

"ஆலாமாக்!" என்று வெளியே ஒரு அலறல், ஐயோ என்று அர்த்தம். தோழி தலையில் அடித்துக்கொண்டாள். ஒன்பதை நேரே பதினாறால் வகுத்துவிட்டாளாம், எடையை எடையாலேயே. அவளுக்கு முழு எண் எதுவும் வரவில்லை, ஏதோ எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அவள் அழவும் அக்கா உள்ளேயிருந்து சிரிக்கவும் ஆரம்பித்தாள். "தா அப்பா லா, பரவால்ல, ஒண்ணுதானே போச்சு, பாஸாயிடுவ" என்று ஜன்னல் வழியாக அவளைச் சமாதானப்படுத்தினாள். பரீட்சை எழுதாதவள், எழுதியவளுக்கு ஆறுதல் சொன்னாள். கடைசிக் கேள்வியையும் முடித்தோம்.

சாயங்காலம் அப்பா வந்ததும் அறை வாசலுக்குத்தான் போனார். "எப்படிம்மா?"

"எல்லாம் வந்துச்சுப்பா," என்றாள் அக்கா. அப்பா ரொம்ப நேரம் குளிக்கப் போகாமல் அங்கேயே நின்றார்.

மறுநாள் மூன்றாம் தண்ணீர். மெலிந்து, முகமெல்லாம் மஞ்சளும் தழும்புமாக, அக்கா வாசல் தாண்டினாள். எங்கே போவாள், போக ஒரு இடமும் இல்லை. மரத்தடி வரை நடந்து போய்த் திரும்பி வந்தாள்.

தோழி பாஸாகி ஆஸ்பத்திரி லேப்பில் சேர்ந்தாள். வெள்ளைக் கோட்டோடு முதல் நாள் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். அக்கா அந்தக் கோட்டின் கழுத்துப்பட்டையை இழுத்துச் சரி செய்துவிட்டாள். அப்பா சொன்ன அடுத்த வருடமும் வந்தது. அதோடு செமாபோக் ஊரிலிருந்து ஒரு மாப்பிள்ளையும் வந்தார். நல்ல மனிதர், என் அத்தானைக் குறை சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் எழுதிக்கலாம் என்றார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் யார் எழுதினார்கள், சொல்லுங்கள். நம் வீடுகளில் ஒருத்தியைக் காட்டுங்கள் பார்ப்போம்.

அந்த வியாழக்கிழமையைப் பற்றி அம்மாவும் அக்காவும் பேசியே நான் கேட்டதில்லை. அப்பா போனார். நானும் பேரப்பிள்ளைகள் பார்க்கத் தொடங்கிவிட்டேன். அம்மா கடைசிக் காலத்தில் செமாபோக்கில் அக்கா வீட்டில்தான் கிடந்தாள். சாப்பாடு இறங்காமல் போயிருந்தது, எதைக் கொடுத்தாலும் வாயைத் திருப்பிக்கொள்வாள். ஒரு மத்தியானம் நான் போயிருந்தேன். அக்கா மடியில் அம்மாவின் தலையைச் சாய்த்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்டி உன்னை," என்றாள் அம்மா. "ரொம்ப வருஷமா கேக்கணும்னு கெடக்கு."

"கேளேன்."

"அந்தப் பரீட்சை. நான் போக விடல பாரு. போயிருந்தா, பாஸாயிருப்பியா?"

நூற்றுக்கு நூறும்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். மார்க் போட்டவள் நான்தானே. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவின் மோவாயில் வழிந்த கஞ்சியைத் துடைத்தாள்.

"எங்கம்மா?" என்றாள் சிரித்துக்கொண்டே. "அன்னைக்கு வாயால சொன்னதுல பாதி தப்பு. போயிருந்தா மானம் போயிருக்கும். ஃபெயில்தான்."

"நெசமாவா?"

"நெசமா. இவளைக் கேளு. இவதானே கேள்வி படிச்சா."

அம்மா மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பார்வை மங்கிப்போன அந்தக் கண்ணில் அப்படி ஒரு கெஞ்சல். அக்கா கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"ஆமாம்மா," என்றேன். "பாதிக்கு மேல தப்பு."

அம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். "அப்ப நான் ஒண்ணும் கெடுத்துடல."

"நீ ஒண்ணும் கெடுக்கலம்மா," என்றாள் அக்கா. "வாயைத் தெற."

அம்மா வாயைத் திறந்தாள். அன்று கிண்ணத்தில் ஒரு சொட்டு வைக்காமல் குடித்தாள்.